அறைக்கு முன்னால் குளியலறையைப் பாருங்கள்!

தஞ்சைப் பெரிய கோயிலைப் பார்த்துவிட வேண்டும் என்பது என் மாமியாரின் வெகுநாளைய ஆசை. போன வருஷம் மே மாத விடுமுறையில், குழந்தைகள் இருவரோடு ஐந்து பேராகக் கிளம்பினோம். கோயிலுக்கு நடந்தே போகிற தூரத்தில் ஒரு லாட்ஜ், வாடகையும் குறைச்சல். "நாள் முழுக்க வெளியிலேதான் சுத்தப் போறோம். ராத்திரி படுக்க ஒரு இடம், அவ்வளவுதானே?" என்றார் என் கணவர். நானும் தலையாட்டினேன்.

போய்ப் பார்த்தால் மூன்றாவது மாடி. லிப்ட் இல்லை. கழிப்பிடமோ குந்தி உட்காருகிற பழைய மாதிரி. அத்தைக்கு இரண்டு முழங்காலிலும் வலி. ஆனால் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "தண்ணி குடிங்க அத்தை" என்றால், "வேணாம்மா, தாகமே இல்லை" என்பார். மே மாத வெயிலில் தாகம் இல்லாமலா இருக்கும்? மண்டூகம், எனக்கு அப்போது உறைக்கவில்லை!

மூன்றாம் நாள் குளிர் ஜுரம், நீர்க்கடுப்பு, தலைசுற்றல். தண்ணீர் சரியாகக் குடிக்காததுதான் காரணம் என்றார் டாக்டர். அப்புறம்தான் அத்தை மெதுவாகச் சொன்னார்: "குடிச்சா போகணுமே. உட்கார்ந்தா எழுந்திரிக்க முடியலேம்மா." எனக்கு அழுகையே வந்துவிட்டது. தாராசுரம் பார்க்காமலே ஊர் திரும்பினோம். டாக்டருக்கும் மருந்துக்கும் ஆன செலவில் நல்ல அறையே எடுத்திருக்கலாம்.

அதனால் சகோதரிகளே, குடும்பத்தில் யாருக்கு ரொம்ப முடியாதோ அவரை மனத்தில் வைத்துக்கொண்டு இடம் தேடுங்கள். வாடகையும் அழகும் அதற்கப்புறம்தான்.

எந்த ஊரில் தங்கலாம்?

பெரிய கோயில், அரண்மனை, சரஸ்வதி மகால், திருவையாறு என்றால் தஞ்சாவூரே வசதி. தாராசுரம், சுவாமிமலை, கங்கைகொண்ட சோழபுரம், நவக்கிரகத் தலங்கள் என்றால் கும்பகோணம்தான் சரி. இரண்டு ஊருக்கும் நடுவே சுமார் 40 கிலோமீட்டர். தினமும் போய்வந்தால் பாதி நாள் வண்டியிலேயே போய்விடும். கோயில்களில் மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள். அந்த நேரத்தில் குழந்தைகளும் பெரியவர்களும் வந்து படுக்கிற தூரத்தில் அறை இருக்க வேண்டும்.

எந்த மாதிரி இடம்?

*லாட்ஜ், ஓட்டல்:* கடைத்தெருவும் மருந்துக்கடையும் பக்கத்தில் இருக்கும். தரைத்தளமா, லிப்ட் உண்டா, வெந்நீர் எத்தனை மணிக்கு வரும் என்று முன்கூட்டியே கேளுங்கள்.

*ரயில் நிலைய ஓய்வறை:* விடியற்காலை ரயிலில் இறங்கிக் குளித்துக் கிளம்புகிறவர்களுக்கு உத்தமம். ரயில் டிக்கெட் வைத்திருப்பவர்களுக்குத்தான் கிடைக்கும். ரயில் சத்தத்தில் கைக்குழந்தை தூங்குமா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

*சத்திரம், மடம்:* யாத்ரீகர்களுக்குச் சத்திரம் கட்டி வைத்த ஊர்கள் இவை. ஒரத்தநாட்டில் சரபோஜி மன்னர் கட்டிய முக்தாம்பாள் சத்திரத்தின் கட்டடம் இன்றும் நிற்கிறது. இப்போது தங்க இடம் தரும் மடங்களில் செலவு குறைவு. ஆனால் பாய், போர்வை நாமே கொண்டுபோக வேண்டியிருக்கலாம். குளியலறையும் பொதுவாக இருக்கலாம்.

*கிராமத்து வீடு:* முற்றமும் திண்ணையும் உள்ள பழைய வீட்டைப் புதுப்பித்து வாடகைக்கு விடுகிறார்கள். கண்ணுக்குக் குளிர்ச்சிதான். ஆனால் வயலில் தண்ணீர் நின்றால் கொசு வரும். குழந்தைக்கு வலை அவசியம். ராத்திரி ஜுரம் வந்தால் டாக்டர் எவ்வளவு தூரம் என்பதையும் விசாரியுங்கள்.

*சமையலறையோடு வீடு:* சின்னக் குழந்தைக்குக் கஞ்சி காய்ச்ச, குடிநீர் கொதிக்க வைக்கச் சௌகரியம். ஆனால் மூன்று வேளையும் நாமே அடுப்பங்கரையில் நின்றால் விடுமுறை யாருக்கு? காலைக் காப்பியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்!

எப்போது போகலாம்?

வழக்கமாக மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறப்பார்கள். அதற்கு முன்னால் மே மாதத்தில் போனால் காவிரியில் மணலைத்தான் பெரும்பாலும் பார்க்கலாம். பச்சை வயல் பார்க்க ஆசையா? டிசம்பர் கடைசியில், அரையாண்டு விடுமுறையில் போங்கள், சம்பாப் பயிர் நிற்கும். மழை, புயல் செய்தியை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். ஜனவரியில் தியாகராஜ ஆராதனை சமயம் திருவையாற்றைச் சுற்றி அறை கிடைப்பது சிரமம். கும்பகோணத்தில் 2028-ல் மகாமகம். அப்போது போக நினைப்பவர்கள் இப்போதே யோசிப்பது நல்லது.

மறக்காமல் கேளுங்கள்

விளம்பரப் படத்தில் கட்டிலும் திரைச்சீலையும்தான் தெரியும். "குளியலறைப் படம் அனுப்புங்க" என்று கூச்சப்படாமல் கேளுங்கள். நாற்காலி மாதிரி உட்காருகிற கழிப்பிடமா, பிடித்துக்கொண்டு எழுந்திருக்கக் கம்பி உண்டா, தரை வழுக்குமா என்று பாருங்கள். முக்கியமாக, வீட்டுப் பெரியவர்களையும் கேளுங்கள். அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.

டிசம்பரில் மறுபடியும் கிளம்பினோம். கும்பகோணத்தில் தரைத்தள அறை, வாடகை கொஞ்சம் கூடத்தான். கதவைத் திறந்ததும் அத்தை நேராகக் குளியலறையைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "அந்தத் தண்ணி பாட்டிலை இப்படிக் குடும்மா" என்று கை நீட்டினார். மறுநாள் தாராசுரத்தில் ஒரு தூண் விடாமல் பார்த்தார்.