அப்பாவின் காது கருவியும் பிள்ளையின் வரிப் பாரமும்

பெம்பான், ஜாசின், மெர்லிமாவ் பக்கத்துத் தோட்டங்களில் வேலை பார்த்து ஓய்ந்த பலர் வருமான வரிப் பாரத்தைக் கண்ணால் கண்டதில்லை. வரி கட்டும் அளவுக்குச் சம்பளம் இருந்தால்தானே! இன்று அவர்களுக்குக் காது கேட்கும் கருவி வாங்கித் தருவது மலாக்காவிலோ கோலாலம்பூரிலோ சம்பளம் வாங்கும் பிள்ளைகள். வரிக் கழிவு கேட்கும் உரிமையும் காசு கொடுத்த பிள்ளைக்கே.

1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 46ஆம் பிரிவு, மாற்றுத்திறனாளிக்கான அடிப்படை உதவிக் கருவிகளுக்கு ஆண்டுக்கு 6,000 வெள்ளி வரை கழிவு தருகிறது. தனக்கு, கணவன் மனைவிக்கு, பிள்ளைக்கு, பெற்றோருக்கு என யாருக்கு வாங்கினாலும் செல்லும். சக்கர நாற்காலி, செயற்கைக் கால், டயாலிசிஸ் இயந்திரம், காது கருவி எல்லாம் சேர்த்தி. மூக்குக் கண்ணாடிக்கு இடமில்லை.

ஆனால் ரசீது மட்டும் இருந்தால் போதாது. அப்பா சமூக நல இலாகாவில் மாற்றுத்திறனாளியாகப் பதிந்து ஓ.கே.யூ. அட்டை பெற்றிருக்க வேண்டும். “வயசானா காது மந்தமாகும், அதுக்கு எதுக்கு ஓ.கே.யூ. அட்டை?” என்று பெரியவர்கள் ஒதுக்கிவிடுவதுண்டு. கூச்சமும் இருக்கும். அந்தக் கூச்சத்தின் விலைதான் 6,000 வெள்ளிக் கழிவு. எனவே கருவிக் கடைக்கு முன்னால் மருத்துவமனை. மருத்துவர் உறுதிசெய்த பாரத்தோடு இலாகா அலுவலகம்.

கழிவு என்றால் அந்த 6,000 அப்படியே திரும்பி வரும் என்று நினைக்க வேண்டாம். வரிக்குரிய வருமானம் 65,000 வெள்ளியாக இருந்தால், 11 விழுக்காட்டுக் கணக்கில் மிஞ்சுவது 660 வெள்ளி. 45,000 என்றால் 6 விழுக்காடு, 360 வெள்ளி. வரியே இல்லாதவருக்கு ஒன்றுமில்லை.

பெற்றோரின் மருத்துவச் செலவுக்கு வேறாக 8,000 வெள்ளி வரை கழிவு உண்டு. 2025ஆம் வரி ஆண்டிலிருந்து தாத்தா பாட்டியின் செலவையும் அதில் காட்டலாம். இந்த வரம்பு முன்பு 5,000ஆக இருந்து 2021இல் உயர்ந்தது. கருவிக்கான 6,000 மட்டும் 2015இல் நின்ற இடத்திலேயே நிற்கிறது. இரண்டு காதுக்கும் நல்ல கருவி வாங்கப் போனவர்களுக்கு அது எவ்வளவு சிறியது என்று தெரியும்.

ரப்பர், செம்பனை ஆலை இரைச்சலில் காது போனவர்கள் முதலில் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவை விசாரிப்பது நல்லது. இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பைத் தொழில்நோயாக ஏற்கும் சட்டம் உண்டு. சொக்சோவே கருவி கொடுத்தால் கழிவு கேட்க முடியாது, செலவு உங்களுடையதல்லவே.

சம்பளக்காரர்களின் பி.இ. பாரத்துக்குக் கெடு ஏப்ரல் 30; இ-ஃபைலிங் செய்தால் வழக்கமாக மே 15 வரை அவகாசம். பாரத்தோடு ரசீதை அனுப்பத் தேவையில்லை. ஆனால் வரி வாரியம் கேட்டால் காட்ட வேண்டும். ரசீதையும் அட்டையின் நகலையும் 7 ஆண்டு பத்திரப்படுத்துங்கள்.