அடுக்குத் துணிக்கு எந்தத் தையல் எந்திரம்?

ஆரணிப் பட்டுத் துண்டுகளை இணைத்து, நடுவே பஞ்சும் அடியில் பருத்தித் துணியும் வைத்துத் தைத்தால் அழகிய போர்வை கிடைக்கும். ஆனால் தையல் முடியும்போது மேல்துணி மட்டும் மிஞ்சி நிற்பதேன்?

காரணம் உராய்வே. எந்திரத்தின் பற்கள் அடித்துணியை நகர்த்துகின்றன. மேலே அழுத்தும் பாதமோ மேல்துணியைத் தடுக்கிறது. இடையிலுள்ள பஞ்சு நெகிழ்கிறது. தையலுக்கு 0.02 மி.மீ. பின்தங்கினாலும், 500 தையலில் 1 செ.மீ. வேறுபாடு! பிரித்துத் தைக்கலாமென்றால், பட்டில் ஊசித்துளை எளிதில் மறையாது.

எனவே, புது எந்திரம் வாங்குவோர் இவற்றைக் கவனிக்க வேண்டும்: பாதத்தின் அழுத்தத்தைக் குறைக்கத் திருகு உண்டா? துணியோடு சேர்ந்து நகரும் பாதத்தைப் பொருத்த முடியுமா? மெதுவாக ஓட்டினாலும் ஊசி எல்லா அடுக்குகளையும் துளைக்கிறதா?

விலை பேசுமுன், மூன்றடுக்குத் துணியொன்றை எடுத்துச் சென்று இரண்டு முழம் தைத்துப் பாருங்கள். ஓரங்கள் சமமாக முடிந்தால் அந்த எந்திரத்தை வாங்கலாம்.