புத்தகம் மாறியாச்சு... கேள்வித்தாள் மாறியதா? ஓசூர் எல்லையில் அறிவியல் பாடமும் பொதுத்தேர்வும்: முழு விளக்கம்

ஓசூரில் ஒரே தெருவில் இரண்டு பத்தாம் வகுப்பு மாணவர்கள். ஒருவர் அரசுப் பள்ளி, இன்னொருவர் சி.பி.எஸ்.இ. பள்ளி. தனிம வரிசை அட்டவணையை ஒருவர் இந்த ஆண்டே படித்து முடித்துவிடுவார். மற்றவருக்கு அது பதினொன்றாம் வகுப்பில்தான் வரும். இருவருமே அடுத்து ஒரே நீட் தேர்வுக்குத்தான் போட்டி போடுவார்கள்.

பாடத்திட்டத்தைப் புதுப்பித்தால் மட்டும் போதுமா, தேர்வும் சேர்ந்து மாறணுமா? தொழிற்சாலை வேலைக்காகக் குடும்பங்கள் வந்து குடியேறும் ஓசூர், கிருஷ்ணகிரி பகுதியில் இந்தக் கேள்விக்கு எடை அதிகம்.

தமிழ்நாட்டில் என்ன மாறியது?

பத்து ஆண்டுகளுக்கும் மேலாக மாறாமல் இருந்த பிளஸ் 1, பிளஸ் 2 பாடநூல்களை மாற்றும் வேலை 2017-ல் தொடங்கியது. அண்ணா பல்கலைக்கழக முன்னாள் துணைவேந்தர் மு.அனந்தகிருஷ்ணன் தலைமையிலான குழு பாடத்திட்டத்தை வகுத்தது. 2018-ல் 1, 6, 9, 11-ம் வகுப்புகளுக்கும், 2019-ல் மற்ற வகுப்புகளுக்கும் புதிய புத்தகங்கள் வந்தன. க்யூ.ஆர். கோடு, வண்ணப்படங்கள், கூடுதல் பாடப்பகுதி என அறிவியல் புத்தகத்தின் தோற்றமே மாறிப்போனது.

பத்தாம் வகுப்பு அறிவியலில் மட்டும் 23 பாடங்கள். அணுக்கரு இயற்பியல், தனிமங்களின் ஆவர்த்தன வகைப்பாடு, உயிரின் பரிணாமம் எல்லாமே இதில் உண்டு. மத்திய அரசின் என்.சி.இ.ஆர்.டி.யோ பாடச்சுமையைக் குறைப்பதாகச் சொல்லி, ஆவர்த்தன வகைப்பாட்டையும் பரிணாமத்தையும் தன் பத்தாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து நீக்கியது. 2023-ல் இது நாடு முழுக்க விவாதமானது. மேலே சொன்ன இரண்டு மாணவர்களின் வித்தியாசம் இங்கிருந்துதான் வருகிறது.

தேர்வும் மாறியதா?

ஓரளவு மாறியது. பிளஸ் 2 மொத்த மதிப்பெண் 1,200-லிருந்து 600 ஆனது. எந்தப் பாடத்தில் எத்தனை கேள்வி வரும் என்று முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும் 'ப்ளூ பிரிண்ட்' முறை கைவிடப்பட்டது. 'புக் பேக்' கேள்விகளை மட்டும் மனப்பாடம் செய்தால் முழு மார்க் வாங்க முடியாது என்ற நிலை வரணும் என்பதுதான் நோக்கம்.

ஆனால் புதிய புத்தகத்துக்குத் தேர்வு வைப்பதில் கொரோனா குறுக்கே வந்தது. 2020, 2021 இரண்டு ஆண்டுகளும் பத்தாம் வகுப்பு மாணவர்கள் 'ஆல் பாஸ்'. 2019-ல் வந்த பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் பள்ளி மாணவர்கள் முதல்முறையாகப் பொதுத்தேர்வு எழுதியது 2022-ல்தான்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. புத்தகத்தை உருவாக்குவது மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம். அதை அச்சிடுவது பாடநூல் கழகம். தேர்வு நடத்துவது அரசுத் தேர்வுகள் இயக்ககம். ஒரு அலுவலகத்தில் நடக்கும் மாற்றம் அடுத்த அலுவலகத்தின் வேலையிலும் தெரியணும். அது தானாக நடக்காது.

ஒரே பாடம், இரண்டு கேள்வி

மின்னோட்டம் பாடத்தை எடுத்துக்கொள்வோம். 'ஓம் விதியைக் கூறுக' என்பது நினைவாற்றலைச் சோதிக்கும் கேள்வி. 'ஒரு கம்பியை இழுத்து நீளத்தை இரண்டு மடங்காக்கினால் அதன் மின்தடை எத்தனை மடங்காகும்?' என்பது புரிதலைச் சோதிக்கும் கேள்வி.

இரண்டு மடங்கு என்று பலரும் அவசரப்பட்டு எழுதிவிடுவார்கள். கம்பியை இழுக்கும்போது நீளம் கூடுவதோடு தடிமனும் குறைகிறது. குறுக்குப் பரப்பு பாதியாகிவிடுவதால் சரியான விடை நான்கு மடங்கு. நீட், ஜே.இ.இ. தேர்வுகளில் இந்த மாதிரிதான் கேட்பார்கள்.

உள்ளூர் உதாரணமே சொல்லலாம். ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் மின்சார ஸ்கூட்டர்கள் தயாராகின்றன. '750 வாட் சார்ஜரை 4 மணி நேரம் போட்டால் எத்தனை யூனிட் செலவாகும்?' என்று கேட்டால் விடை 3 யூனிட். இதுவும் பத்தாம் வகுப்புப் பாடம்தான்.

சி.பி.எஸ்.இ. 2024-25 முதல் 11, 12-ம் வகுப்புத் தேர்வுகளில் இப்படித் திறனைச் சோதிக்கும் கேள்விகளை 50 சதவீதமாக உயர்த்தியது. தமிழ்நாட்டுக் கேள்வித்தாளிலும் சில கட்டாயக் கேள்விகள் இந்த வேலையைச் செய்கின்றன. பத்தாம் வகுப்பு அறிவியலில் 2 மதிப்பெண் பகுதியில் ஒன்று, 4 மதிப்பெண் பகுதியில் ஒன்று. பெரும்பாலும் கணக்கு. மீதிக் கேள்விகளில் 'சாய்ஸ்' இருப்பதால், சில பாடங்களைத் தொடாமலே பாஸ் செய்துவிட முடியும்.

பிளஸ் 1 பொதுத்தேர்வு ஏன் வந்தது, ஏன் போனது?

பாடத்தைத் தேர்வு எப்படி இழுத்துச் செல்கிறது என்பதற்கு இதுவே சரியான சாட்சி. முன்பு பல தனியார் பள்ளிகள் பிளஸ் 1 பாடத்தை ஒதுக்கிவிட்டு, இரண்டு வருஷமும் பிளஸ் 2 பாடத்தையே நடத்தின. பிளஸ் 2 மார்க்தான் கல்லூரிக்குப் போகும், பிளஸ் 1 மார்க்கை யாரும் கேட்கமாட்டார்கள் என்ற கணக்கு. நீட் தேர்விலோ இரண்டு வகுப்புகளிலிருந்தும் கேள்வி வரும். இதைத் தடுக்கத்தான் 2017-18-ல் பிளஸ் 1 பொதுத்தேர்வு கொண்டுவரப்பட்டது.

2025 ஆகஸ்ட் 8-ல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையை ஒட்டி, 2025-26 முதல் அந்தத் தேர்வு ரத்தாகியிருக்கிறது. மாணவர்களுக்கு அழுத்தம் குறையும் என்பது நல்ல விஷயம். பிளஸ் 1 பாடத்தைப் பள்ளிகள் மறுபடியும் தாண்டிப் போய்விடாமல் யார் கண்காணிப்பது என்ற கேள்வி மட்டும் பாக்கி இருக்கிறது.

ஓசூருக்கு ஏன் கூடுதல் சிக்கல்?

முதலில் எல்லை. கர்நாடகாவில் பி.யு.சி. அறிவியல் பாடங்கள் 2012 முதல் என்.சி.இ.ஆர்.டி. அடிப்படையில் நடக்கின்றன. பொறியியல் படிக்க அங்கே நுழைவுத்தேர்வு உண்டு. தமிழ்நாட்டில் 2007 முதல் பிளஸ் 2 மார்க் மட்டுமே. அத்திப்பள்ளி பக்கமிருந்து ஜூஜூவாடி பக்கம் வீடு மாறினால் பாட வரிசையும் தேர்வு முறையும் சேர்ந்தே மாறும்.

அடுத்து மொழி. இந்தப் பகுதியில் தமிழோடு தெலுங்கு, கன்னடம், உருது பேசும் குடும்பங்களும் அதிகம். ஒவ்வொரு முறை அறிவியல் புத்தகம் மாறும்போதும் சிறுபான்மை மொழி வழிப் புத்தகமும் கலைச்சொற்களும் சேர்ந்து மாறியாகணும். அதில் தாமதம் ஆனால் பாதிப்பு அந்த மாணவர்களுக்கே.

கடைசியாக வேலை. டி.வி.எஸ்., அசோக் லேலண்ட், டைட்டன், டாடா எலக்ட்ரானிக்ஸ் என அளவீடும் கருவியும் புழங்கும் ஆலைகள் நிறைந்த பகுதி இது. பத்தாம் வகுப்பில் செய்முறைக்கு 25 மதிப்பெண், எழுத்துத் தேர்வுக்கு 75. பாஸ் செய்யச் செய்முறையில் 15, எழுத்துத் தேர்வில் 20 கட்டாயம். ஆய்வகத்தில் கருவியைக் கையில் எடுக்காமலே ரெக்கார்டு நோட்டை நிரப்பினால் மார்க் வரலாம், திறமை வராது. 6 முதல் 8-ம் வகுப்பு வரை சோதனைகளை வகுப்பறைக்கே கொண்டுபோக, 2022 நவம்பரில் 'வானவில் மன்றம்' திட்டம் தொடங்கப்பட்டதும் இதற்காகத்தான்.

பெற்றோர் என்ன செய்யலாம்?

* பள்ளி மாற்றும் முன் பழைய, புதிய அறிவியல் புத்தகங்களின் பொருளடக்கத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். விடுபடும் பாடங்களைக் குறித்துக்கொண்டு விடுமுறையில் முடித்துவிடலாம். இரண்டு மாநிலப் புத்தகங்களும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.
* பிளஸ் 1-ல் பொதுத்தேர்வு இல்லை என்பதால் பாடமும் இல்லை என்று அர்த்தமில்லை. எந்த யூனிட் நடக்கிறது என்று மாதம் ஒருமுறை கேளுங்கள்.
* 'எத்தனை மார்க்?' என்பதோடு 'லேபில் இன்னைக்கு என்ன செஞ்சீங்க?' என்றும் பிள்ளையிடம் கேளுங்கள்.

புத்தகத்தை ஒரு ஜூன் மாதத்தில் மாற்றிவிடலாம். கேள்வித்தாளும் ஆய்வகமும் அதற்கு ஈடாக மாறாதவரை, பிள்ளைகள் படிக்கப்போவது கேள்வித்தாளில் வருவதை மட்டுமே.