தண்டர்பேர்ட் 2 பொம்மை விமானம்
டிங்கி டாய்ஸ், மாடல் எண் 101
மெக்கானோ நிறுவனம், லிவர்பூல், இங்கிலாந்து
1967 முதல் விற்பனை. வார்ப்பு உலோகம், பிளாஸ்டிக்

1965–66இல் பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் வந்த ‘தண்டர்பேர்ட்ஸ்’ பொம்மலாட்டத் தொடரில், மீட்புக் கருவிகளைச் சுமந்து செல்லும் விமானம் இது. மஞ்சள் கால்கள் நான்கும் ஸ்பிரிங் விசையில் நீளும். வயிற்றுப் பகுதியிலுள்ள பெட்டிக்குள் தண்டர்பேர்ட் 4 என்ற மஞ்சள் நிறக் குட்டி நீர்மூழ்கி இருக்கும். சேகரிப்பவர்கள் முதலில் தேடுவது அதைத்தான். சின்னஞ்சிறு பிளாஸ்டிக் துண்டு என்பதால், பிள்ளைகள் விளையாடும்போதே தொலைந்துவிடும். அதுவும் அசல் அட்டைப்பெட்டியும் சேர்ந்து கிடைத்தால் மதிப்பு வெகுவாகக் கூடும்.

மெக்கானோவின் லிவர்பூல் பின்ஸ் ரோடு ஆலை 1979இல் மூடப்பட்டது. அதற்கு முன், 1970களில், இதே விமானம் பளபளக்கும் நீல நிறத்திலும் விற்பனைக்கு வந்தது. தொடரில் வரும் விமானமோ பச்சை.