ஜாங்கோ வலைச் சட்டகத்தில் மறுபயன்பாட்டுச் செயலிக்கூறுகளின் நிருவாக அமைவு: ஆரணிப் பட்டு நெசவுக் கணக்கை முன்வைத்து

முன்னுரை

திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணி, பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற ஊர். கூட்டுறவு முறையில் சங்கம் பட்டு நூலையும் சரிகையையும் எடைபோட்டு உறுப்பினருக்கு வழங்கும். நெய்த சேலையைப் பெற்றுக்கொண்டு கூலி கொடுக்கும். நெசவாளர் பெயரில் நிற்கும் நூல் இருப்பு பிழைபட்டால் அவருடைய கூலிக் கணக்கும் பிழைபடும். எனவே இக்கணக்கைக் கணினிக்குக் கொண்டுவரும்போது எப்பதிவை யார் திருத்தலாம் என்பதே முதன்மை வினாவாகிறது. ஜாங்கோவில் இவ்வினாவுக்கான விடையை எங்கே எழுதுவது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

தரவும் நிருவாகமும்

பைத்தான் மொழியில் அமைந்த ஜாங்கோ, அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்து லாரன்ஸ் நகரச் செய்தித்தாள் நிறுவனத்தில் உருவாகி, 2005இல் பொதுப் பயன்பாட்டுக்கு வெளியிடப்பட்டது. தொடக்கத்தில் நிருவாகப் பக்கத்தின் அமைவு, தரவு மாதிரியின் உள்ளேயே எழுதப்பட்டது. 2008இல் வெளிவந்த 1.0 பதிப்பு இவ்விரண்டையும் பிரித்தது. அமைவு 'அட்மின்' என்னும் தனிக் கோப்புக்கு மாறியது. தரவு எது என்பதும், அதனை ஒரு நிறுவனம் எவ்வாறு கையாளும் என்பதும் வெவ்வேறு என்னும் தெளிவே இப்பிரிவின் அடிப்படை.

பொதுவும் சிறப்பும்

உறுப்பினர், மூலப்பொருள், சேலை வரவு, கூலி என நான்கு செயலிக்கூறுகள் எழுதப்படுவதாகக் கொள்ளலாம். இவற்றையே காஞ்சிபுரத்துச் சங்கமும் பயன்படுத்த விரும்பினால், அங்குக் கோர்வைச் சேலைக்கெனத் தனி வடிகட்டி தேவைப்படலாம். அதற்காக மூலக் கூறினைத் திருத்தினால் மறுபயன்பாடு குலையும். எனவே ஒவ்வொரு கூறும் பொதுவான நிருவாக வகுப்பை மட்டும் தர வேண்டும். சங்கத்திற்குரிய தனிக்கூறு அவ்வகுப்பிலிருந்து மரபுரிமை பெற்று, முந்தைய பதிவை நீக்கி, தன் வகுப்பைப் பதிவு செய்ய வேண்டும்.

வரிசைச் சிக்கல்

நிருவாகக் கோப்புகள், அமைவுப் பட்டியலில் கூறுகள் இடம்பெறும் வரிசையிலேயே ஏற்றப்படுகின்றன. பதிவாகாத ஒன்றை நீக்க முயன்றால் பிழை எழும். ஆதலால் சங்கக் கூறு பட்டியலில் பின்னே நிற்க வேண்டும். வார்ப்புருத் தேடலிலோ முதலில் கிடைப்பதே கொள்ளப்படுவதால், பக்கத் தோற்றத்தை மாற்ற அக்கூறு முன்னே நிற்க வேண்டியுள்ளது. மாற்று வார்ப்புருக்களைத் திட்டத்தின் பொது வார்ப்புருக் கோப்புறையில் வைப்பது இம்முரணைத் தீர்க்கும். அமைவில் குறிக்கப்பட்ட அக்கோப்புறை, கூறுகளுக்கு முன்னரே தேடப்படுகிறது.

தளமும் உரிமையும்

2.1 பதிப்பு முதல், இயல்பு நிருவாகத் தளத்திற்குப் பதிலாகத் திட்டத்தின் சொந்தத் தளத்தை அமைவு வழியாகவே குறிப்பிடலாம். பார்வையிடும் உரிமையும் அப்பதிப்பிலேயே தனியாகச் சேர்க்கப்பட்டது. இதனால் தணிக்கையாளர் நூல் வழங்கல் பதிவைத் திருத்தாமல் காண இயலும். எடைபோடும் எழுத்தர் புதுப்பதிவு இடலாம். பதிவான எடையை அவர் மாற்றாதிருக்க, திருத்தும் உரிமையை வழங்காது விடலாம். ஒரு மாதிரியைத் தளத்தில் பதிவு செய்யாமல் மறைப்பது உரிமைக் கட்டுப்பாட்டுக்கு ஈடாகாது. வேறொரு தளத்திலோ பக்கத்திலோ அதே தரவு திருத்தத்திற்குத் திறந்திருக்கக்கூடும்.

முடிவுரை

பொது இயல்பு செயலிக்கூறிலும், நிறுவன முடிவு திட்டத்திலும், உரிமை பயனர் குழுவிலும் அமைதல் வேண்டும். இவ்வாறு பிரித்தால், சங்கத்தின் விதி மாறும்போது திருத்த வேண்டிய இடம் தெளிவாகும். நெசவாளரின் கணக்கைத் தொடக்கூடியவர் யார் என்பதை நிரலை அறியாத சங்க நிருவாகியும் குழுப் பட்டியலைக் கொண்டே சரிபார்க்க இயலும்.