பிடி அரிசியும் நெஞ்சுரமும்

குடியானவரின் வாழ்வு ஒரே இரவில் நிலைகுலைந்துவிடக் கூடும். 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் வேதாரணியத்தை அடுத்துக் கரையைக் கடந்த கஜா புயல், நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை ஆகிய மாவட்டங்களில் தென்னந்தோப்புகளை வேரோடு சாய்த்தது. நெற்பயிர் அழிந்தால் அடுத்த பருவத்தில் மீண்டும் நடலாம். நெட்டைத் தென்னையோ, கன்று நட்டு ஆறேழு ஆண்டுகள் காத்திருந்தால்தான் பலன் தரும். சாய்ந்த மரத்தை வெட்டி அகற்றச் சில நாட்கள் போதும். வருவாய் இல்லாத அந்த ஆண்டுகளைக் கடப்பதற்கு எத்தனை உறுதி வேண்டும்!

இத்தகைய உறுதியையே நெஞ்சுரம் என்கிறோம். அது சிலருக்குப் பிறவியிலேயே வாய்த்தது என்றும், ஏனையோருக்கு வாய்க்காதது என்றும் நம்மில் பலர் எண்ணுகிறோம். இவ்வெண்ணம் சரியன்று. மழை கொட்டும்போது ஏரியைத் தூர் வார இயலாது. கோடையிலேயே வாரியிருக்க வேண்டும். நெஞ்சுரமும் அவ்வாறே. நல்ல நாட்களில், சிறு சிறு பழக்கங்களாக, பிறரோடு கூடிச் சேர்த்து வைத்ததே கெட்ட நாளில் கைகொடுக்கிறது. இவ்வுண்மைக்குச் சான்று தேடி நாம் தொலைவு செல்ல வேண்டியதில்லை. நம் ஊர்களில் வாரந்தோறும் கூடும் மகளிர் சுய உதவிக் குழுக்களை உற்று நோக்கினாலே போதும்.

தருமபுரியில் தோன்றிய முயற்சி

கூடிச் செயலாற்றுவது தமிழ்நாட்டுக் கிராமங்களுக்குப் புதிதன்று. ஏரிகளையும் கால்வாய்களையும் ஊரார் ஒன்றுகூடிச் செப்பனிட்ட குடிமராமத்து முறை நெடுங்காலம் நிலவியது. 1904-ஆம் ஆண்டின் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டத்திற்குப் பின் பல ஊர்களில் கூட்டுறவுச் சங்கங்கள் எழுந்தன. 1952-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் தொடங்கப்பெற்ற சமுதாய வளர்ச்சித் திட்டத்தின் வாயிலாக மாதர் சங்கங்கள் அமைந்தன. இவற்றால் விளைந்த நன்மை சிறிதன்று. ஆயினும், கடன் பெறுவதற்கு நிலமோ நகையோ ஈடாகக் காட்ட வேண்டியிருந்தது. நிலம் பெரும்பாலும் ஆண்களின் பெயரிலேயே இருந்தது. நிலமே இல்லாத குடும்பங்களும் பல. ஆகவே, கூலி வேலைக்குச் செல்லும் ஒரு பெண்ணுக்கு அவசரத் தேவை ஏற்பட்டால், வட்டிக்குக் கொடுப்பவர் வீட்டு வாயிலைத் தவிர வேறு புகலிடம் பெரும்பாலும் இல்லாதிருந்தது.

இந்நிலையை மாற்ற, 1989-ஆம் ஆண்டில் பன்னாட்டு வேளாண்மை வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தருமபுரி மாவட்டத்தில் சுய உதவிக் குழுக்கள் அமைக்கும் பணி தொடங்கிற்று. இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டமும் அந்நாளில் அதனுள் அடங்கியிருந்தது. மானாவாரி நிலம் மிகுந்த, மழை பொய்த்தால் பிழைப்புத் தேடி வெளியூர் செல்ல நேரும் பகுதி அது. அங்கு வேரூன்றிய முயற்சி பிற மாவட்டங்களுக்குப் பரவி, 1997-98-ஆம் ஆண்டு முதல் 'மகளிர் திட்டம்' என்னும் பெயரில் மாநிலம் எங்கும் படிப்படியாக விரிந்தது. இதற்கிடையே 1992-ஆம் ஆண்டில் தேசிய வேளாண்மை மற்றும் ஊரக வளர்ச்சி வங்கி, குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் முன்னோடித் திட்டத்தை மேற்கொண்டது. நிலத்தையும் நகையையும் கேளாமல், ஒரு குழுவின் ஒழுங்கான நடத்தையையே ஈடாக ஏற்று வங்கி கடன் வழங்கும் முறை இவ்வாறு பிறந்தது.

நாள்தோறும் ஒரு பிடி

ஒரு குழுவில் பொதுவாக 12 முதல் 20 பேர் வரை இருப்பர். ஒருவர் வீட்டு நிலைமை மற்றவருக்குத் தெரியும் அளவுக்கு அது சிறியது. ஒருவர் வேலை இழந்தாலும் மற்றவர் தாங்கும் அளவுக்குப் பெரியது.

அன்றாடம் கூலி பெற்று உலை வைக்கும் குடும்பத்திற்கு வாரம் 25 ரூபாய் சேமிப்பதும் எளிதன்று. இதற்குப் பிடி அரிசி முறை பல ஊர்களில் துணை நின்றது. உலையில் அரிசி இடுமுன் ஒரு பிடியை எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டு வைப்பதே அம்முறை. ஒரு பிடி 50 கிராம் என்று கொண்டால், ஒரு மாதத்தில் ஒன்றரைக் கிலோ அரிசி சேரும். அதை விற்றுச் சேமிப்பில் சேர்க்கலாம். உணவுக்கே தவிக்கும் உறுப்பினருக்கு அளந்து கொடுத்துப் பின்னர்த் திரும்பப் பெறலாம்.

இங்குக் கருதத்தக்கது அரிசியின் அளவு மட்டுமன்று. நாள்தோறும் அடுப்பின் முன் நிற்கும்போது, 'இன்றைய பசிக்கு இவ்வளவு, நாளைக்கு இவ்வளவு' என்று ஒரு பெண் தானே தீர்மானிக்கிறாள். பிறர் தீர்மானங்களுக்கே கட்டுப்பட்டுப் பழகியவளுக்கு இது ஒரு புதிய பயிற்சியாகும். அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பது நம் பழமொழி. கலயத்தில் விழும் ஒவ்வொரு பிடியும் அத்தகைய ஓர் அடியே.

வாரத்தில் ஒரு மணி நேரம்

நாள்தோறும் வீட்டில் நிகழும் இப்பயிற்சி, வாரக் கூட்டத்தில் பொதுப் பயிற்சியாகிறது. உறுப்பினர்கள் குறித்த நாளில், குறித்த நேரத்தில் வட்டமாக அமர்கின்றனர். வருகை பதிவாகிறது. சென்ற கூட்டத்தின் தீர்மானங்கள் படிக்கப்படுகின்றன. சேமிப்புத் தொகையும் கடன் தவணையும் எல்லோர் முன்னிலையிலும் எண்ணிப் பெறப்பட்டு, பேரேட்டிலும் அவரவர் பாஸ் புத்தகத்திலும் எழுதப்படுகின்றன. அதன் பின்னரே புதிய கடன் கோரிக்கைகள் எடுத்துக்கொள்ளப்படுகின்றன. தவறாமல் கூடுதல், தவறாமல் சேமித்தல், உள்ளுக்குள் கடன் கொடுத்து வாங்குதல், தவணை தவறாது திருப்பிச் செலுத்துதல், கணக்கை நாளது வரை எழுதி வைத்தல் ஆகிய ஐந்தும் குழுவின் ஐந்து விதிகள் எனப்படும்.

இவற்றுள் மூன்றாவதே மிகக் கடினமானது. கையிலுள்ள தொகை 5,000 ரூபாய், கேட்பவர் மூவர். ஒருவருக்கு மகனின் கல்லூரிக் கட்டணம், மற்றொருவருக்கு ஒழுகும் கூரை, இன்னொருவருக்குக் கணவரின் மருத்துவச் செலவு. யாருக்கு முதலில் கொடுப்பது? தம் குறையைக் கூச்சமின்றி எடுத்துரைக்கவும், பிறர் குறையைப் பொறுமையோடு கேட்கவும், 'என் தேவை அடுத்த வாரம் வரை பொறுக்கும்' என்று மனமுவந்து சொல்லவும் அந்த வட்டத்தில் அமர்ந்தோர் கற்க வேண்டியவராகின்றனர். 'இல்லை' என்னும் சொல்லை மனம் கோணாமல் சொல்வதற்கும், மனம் நோகாமல் ஏற்பதற்கும் இதைக் காட்டிலும் சிறந்த பள்ளி இல்லை.

ஐந்தாயிரம் ரூபாயின் கணக்கு

இப்பழக்கத்தின் பயனைக் கணக்கிட்டே காணலாம். 15 பேர் வாரம் 25 ரூபாய் சேமித்தால் வாரந்தோறும் 375 ரூபாய் சேரும். 52 வாரங்களில் அது 19,500 ரூபாய் ஆகும்.

ஒரு பெண் 5,000 ரூபாயை, நூற்றுக்கு மாதம் 10 ரூபாய் வட்டிக்கு வெளியில் வாங்குகிறாள் என்று கொள்வோம். மாதம் 500 ரூபாய் வட்டி. பத்து மாதங்களில் 5,000 ரூபாய் வட்டியாகவே போய்விடும். முதல் அப்படியே நிற்கும். அதே தொகையைக் குழுவில், நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் வட்டியில் பெற்று, மாதம் 500 ரூபாய் வீதம் முதலைத் திருப்பினால், முதல் மாத வட்டி 100 ரூபாய், அடுத்த மாதம் 90 ரூபாய் என்று குறைந்துகொண்டே வந்து, பத்து மாதங்களில் மொத்த வட்டி 550 ரூபாய் மட்டுமே ஆகும். கடனும் தீர்ந்துவிடும். அந்த 550 ரூபாயும் வெளியே செல்வதில்லை. அவளுக்கும் பங்குள்ள பொது நிதியிலேயே சேர்கிறது. மிகை வட்டி வாங்குவதைத் தடுக்க 2003-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் சட்டம் இயற்றப்பட்டுள்ளது. சட்டம் தீமையைத் தண்டிக்கும். அத்தீமையை நாடிச் செல்லும் தேவையைக் குறைப்பது குழுவின் கலயமே.

கையெழுத்திலிருந்து கிராம சபை வரை

பணத்தைக் காட்டிலும் பெரியது ஒன்று உண்டு. அது மனிதர் வளர்வது. தீர்மானப் புத்தகத்தில் கைநாட்டு வைத்தவர், தம் பெயரை எழுத விரும்புகிறார். பெயரை எழுதியவர், பேரேட்டில் தம் கணக்கைப் படிக்க விரும்புகிறார். பின்னர் வங்கிக்குச் சென்று படிவத்தைத் தாமே நிரப்புகிறார்.

ஓர் ஆற்றல் மற்றோர் ஆற்றலை அழைத்து வருவதற்குப் புதுக்கோட்டை மாவட்டம் நல்ல எடுத்துக்காட்டு. அங்கு 1991-ஆம் ஆண்டில் தொடங்கிய அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு நில்லாமல், பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்பதையும் ஊக்குவித்தது. ஆயிரக்கணக்கான பெண்கள், கேலிப் பேச்சுகளைப் பொருட்படுத்தாமல் மிதிவண்டி கற்றனர். நீர் கொணரவும், விளைபொருளைச் சந்தைக்கு எடுத்துச் செல்லவும், பேருந்துக்காகக் காத்திராமல் வேலைக்குச் செல்லவும் அது உதவிற்று. அதே மாவட்டத்தில், கல் குவாரிகளில் கூலிக்கு உழைத்த பெண்கள் சிலர் குழுவாகச் சேர்ந்து, குவாரிகளைக் குத்தகைக்கு எடுத்து நடத்தவும் முன்வந்தனர். தனியாக ஒருத்தி மிதிவண்டியில் ஏறினால் ஊர் சிரிக்கும்; நூறு பேர் ஏறினால் ஊர் வழிவிடும். கூட்டத்தின் வலிமை இதுவே.

கூட்டத்தில் பேசிப் பழகியவர் ஊர்ப் பொதுவிலும் பேசுவார். நம் ஊராட்சிகளில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுவதென்று 2022-ஆம் ஆண்டில் முடிவாயிற்று. குடிநீர், தெருவிளக்கு, கணக்கு வழக்கு ஆகியவற்றைக் குறித்துக் கேள்வி கேட்கும் குரல் அங்கு ஒலிக்க வேண்டுமாயின், அது முதலில் பதினைந்து பேர் நடுவே ஒலித்துப் பழகியிருக்க வேண்டும்.

குழு தளர்வது எதனால்?

எல்லாக் குழுக்களும் செழிப்பதில்லை என்பதையும் மறைக்கலாகாது. கடன் பெறுவதற்காகவே தொடங்கிய குழு, கடன் கைக்கு வந்ததும் கலைந்துவிடுகிறது. எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவரிடமே எல்லாப் புத்தகங்களும் தங்கிவிட்டால், மற்றவர்கள் பணம் கட்டுவோராக மட்டும் ஆகிவிடுகின்றனர்; ஐயம் எழுகிறது; ஐயம் பிளவாகிறது. ஊரின் ஒரு தெருவினர் மட்டும் கூடி, மற்றத் தெருவினரை ஒதுக்கினால், ஊர் ஒற்றுமைக்கு அது துணை செய்யாது.

அண்மைக் காலத்தில் மற்றோர் இடரும் பெருகியுள்ளது. குழுக் கடனோடு நுண்நிதி நிறுவனங்கள் பலவற்றிலும் கடன் வாங்கி, ஒன்றை அடைக்க மற்றொன்றை நாடும் நிலை அது. இந்திய ரிசர்வ் வங்கி 2022-ஆம் ஆண்டில் வெளியிட்ட விதிகளின்படி, நுண்கடன் பெறும் குடும்பம் மாதந்தோறும் செலுத்தும் கடன் தவணைகள் அனைத்தும் சேர்ந்து அக்குடும்பத்தின் மாத வருவாயில் பாதிக்கு மேற்படலாகாது. இவ்வரம்பை ஒவ்வோர் உறுப்பினரும் நினைவிற்கொண்டு, புதிய கடனுக்குக் கையெழுத்திடுமுன் குழுவில் கலந்து பேசுவது நன்று.

தவணை தவறிய உறுப்பினரை எவ்வாறு நடத்துகிறோம் என்பதே குழுவின் உரைகல். அவர் வீட்டு முன் நின்று மானம் குலையப் பேசுவது, வட்டிக்காரர் செய்த செயலையே நாமும் செய்வதாகும். இருவர் சென்று காரணம் கேட்டறிதல், தவணைக் காலத்தை நீட்டித்துத் தீர்மானம் எழுதுதல், வேலை கிடைக்க வழி தேடுதல் ஆகியவையே தோழமையின் வழிகள். வேண்டுமென்றே ஏய்ப்பவர்பால் கண்டிப்பும் வேண்டும். ஆனால் கண்டிப்பும் கருணையும் எல்லோர் முன்னிலையிலும் எழுதப்பட்ட விதியின் வழியே வர வேண்டும்.

நாம் செய்யத் தக்கவை

புதிதாகக் குழு தொடங்குவோரும், தளர்ந்த குழுவை நிமிர்த்த விரும்புவோரும் சிலவற்றைக் கைக்கொள்ளலாம். கூட்ட நாளையும் நேரத்தையும் மாற்றாதீர்கள். பணம் கொண்டுவர இயலாதவரும் கூட்டத்திற்கு வரலாம் என்று விதி செய்யுங்கள். ஏனெனில், பணம் இல்லாத வாரத்திலேதான் அவருக்குத் துணை தேவை. கணக்கு எழுதும் பொறுப்பைச் சுற்று முறையில் மாற்றி, ஆண்டுக்கு இருவரேனும் புதிதாகக் கற்க வழி செய்யுங்கள். ஊக்குநரையும் பிரதிநிதிகளையும் உரிய காலத்தில் மாற்றித் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு கூட்டத்திலும், இதுவரை வாய் திறவாத ஒருவரின் கருத்தை முதலில் கேளுங்கள்.

பெருந்துன்பம் வரும்போது அரசின் நிவாரணம் வரும். உற்றார் உறவினரும் வருவர். அவர்கள் சென்ற பின்னும் நாட்கள் நீளும். அந்நாட்களில், வழக்கமான கிழமையில், வழக்கமான நேரத்தில், 'ஏன் அக்கா இன்னும் வரவில்லை?' என்று கேட்டுக்கொண்டு அண்டை வீட்டுப் பெண் வந்து நிற்பாளாயின், அவ்வீடு தனித்து விடப்படவில்லை என்பது பொருள். அந்த ஒரு கேள்வியைச் சம்பாதிப்பதற்காகவே பல ஆண்டுகள் வட்டமாக அமர்ந்திருக்கிறோம். அதற்கான தொடக்கம் இன்று மாலை உலை வைக்கும்போது தனியே எடுத்து வைக்கும் ஒரு பிடி அரிசியே ஆகும்.