துருவக் கடல்களில் விளையும் பயிர்

கடலிலும் பயிர் விளைகிறது. விதைப்பாரின்றி நீரின் மேலடுக்கில் மிதந்து வளரும் அப்பயிர், வெறுங்கண்ணுக்குப் புலப்படாத அளவு நுண்ணியது. ஒற்றை உயிரணுவாலான இத்தாவரங்களைத் தாவரப் பிளாங்டன் என்பர் விஞ்ஞானிகள். சூரிய ஒளியைக் கொண்டு உலகத் தாவரங்கள் செய்யும் உணவுத் தயாரிப்பில் ஏறக்குறையப் பாதி இவற்றின் வேலை. இவற்றைச் சிறு பிராணிகள் உண்கின்றன. அவற்றை மீன் உண்கிறது. மீனைக் கடல்நாயும் பறவையும் உண்கின்றன. பனி மூடிய துருவக் கடல்களிலும் உயிர் வாழ்க்கைக்கு இதுவே அடித்தளம்.

1839 முதல் 1843 வரை ஜேம்ஸ் ராஸ் தலைமையில் தென்துருவக் கடல்களுக்குச் சென்ற கப்பல்களில் ஜோசப் ஹூக்கர் என்னும் ஆங்கிலத் தாவர நூலறிஞரும் இருந்தார். பனிக்கட்டி ஆங்காங்கே பழுப்பேறிக் கிடந்ததை அவர் கண்டார். அந்நிறத்துக்குக் காரணம் டயாட்டம் என்னும் நுண்தாவரங்களே என்று எடுத்துரைத்தார். கடல்நீரில் கரைந்துள்ள சிலிகாவைக் கொண்டு தன்னைச் சுற்றி ஓடு கட்டிக்கொள்வது டயாட்டத்தின் இயல்பு. துருவக் கடல்களின் தலையாய பயிர்களுள் இது ஒன்று. ஆயினும் எங்கும் இதுவே விளைவதில்லை.

பயிருக்கு ஒளி வேண்டும், உரமும் வேண்டும். துருவங்களில் குளிர்காலம் இருள் சூழ்ந்தது. வசந்தத்தில் கதிரவன் மீண்டதும் ஒளி நீரினுள் புகுகிறது, பயிர் பெருகுகிறது. இவ்வளவும் இரு துருவங்களுக்கும் பொது. உரத்தில்தான் வேற்றுமை. வடதுருவம் நிலம் சூழ்ந்த கடல். தென்துருவம் கடல் சூழ்ந்த நிலம். இவ்வமைப்பு இரு கடல்களின் விளைச்சலையும் பெரிதும் வேறாக்கிவிடுகிறது.

வடக்கே ஆர்க்டிக் சமுத்திரத்தில் லேனா, ஓப், எனிசேய், மெக்கன்ஸி முதலிய பேராறுகள் கலக்கின்றன. ஆற்றுநீரும் உருகிய பனிநீரும் உப்புக் குறைந்தவை, ஆகையால் இலேசானவை. அவை மூடிபோல் மேலே பரவி நிற்க, அடிநீரிலுள்ள நைட்ரேட் உரம் மேலே வர வழியின்றிப் போகிறது. கனடாவுக்கு வடக்கேயுள்ள ஆழ்கடலில் இந்நிலை மிகுதி. உரம் குன்றிய அந்நீரில் டயாட்டம் தழைப்பது அரிது. ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு பங்கு அளவேயான மைக்ரோமோனாஸ் போன்ற மிகச் சிறு தாவரங்களே அங்குத் தாக்குப்பிடிக்கின்றன.

பேரிங் ஜலசந்தி வழியாகப் பசிபிக் நீர் உரத்தைச் சுமந்து புகும் சுக்சிக் கடலிலோ நிலைமை வேறு. 2011-ஆம் ஆண்டில் ஏறத்தாழ ஒரு மீட்டர் கனமுள்ள பனிக்கட்டிக்கு அடியிலேயே டயாட்டங்கள் செழித்திருக்க அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் கண்டனர். பனியின்மேல் தேங்கிய உருகுநீர்க் குட்டைகள் பலகணிபோல் ஒளியை உள்ளே விட்டிருந்தன.

தென்துருவக் கடலில் நைட்ரேட்டுக்குப் பஞ்சமில்லை. ஆழத்து நீர் மேலெழுந்து அதைக் கொண்டுவருகிறது. இருந்தும் பரந்த பகுதிகளில் பயிர் மெலிந்தே காண்கிறது. காரணம், இரும்புப் பற்றாக்குறை. இலை பச்சையம் பெறுவதற்குச் சிறிதளவேனும் இரும்பு இன்றியமையாதது. அது பெரும்பாலும் நிலத்திலிருந்து தூசியாகவும் வண்டலாகவும் கடலை அடைவது; பனி போர்த்த அண்டார்க்டிகா அதை மிகச் சிறிதே தருகிறது. ஆகவேதான், கடலடி மேட்டிலிருந்து இரும்பு கிட்டும் கெர்கெலன் தீவுகளின் அருகே பயிர் செழிக்கிறது. 1999-இல் ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே இரும்புக் கரைசலைக் கடலில் இட்டுப் பார்த்தபோதும் டயாட்டங்கள் பெருகின.

அப்படியாயின் இரும்பு ஒன்றே போதுமா? 2009-இல் இந்திய, ஜெர்மன் விஞ்ஞானிகள் கூடி, தென்சமுத்திரத்தின் அட்லாண்டிக் பகுதியில் சுமார் 300 சதுர கிலோமீட்டர் பரப்பில் இரும்பு இட்டனர். கோவாவிலுள்ள தேசியக் கடலாராய்ச்சி நிலையம் இதில் பங்குகொண்டது. சோதனையின் பெயர் லோஹாபெக்ஸ். ஹிந்தி வழங்கும் ஊர்களில் வாழும் நம்மவர்க்கு ‘லோஹா’ தெரிந்த சொல்லே. இரும்பு என்பது பொருள். பயிர் வளர்ந்தது, ஆனால் டயாட்டம் வளரவில்லை. அந்நீரில் சிலிகா ஏற்கெனவே தீர்ந்திருந்தது. ஓடில்லாத சிறு தாவரங்களே பெருகின. அவற்றையும் சிறு பிராணிகள் மேய்ந்துவிட்டன. கடலடிக்கு இறங்கிய கரி சொற்பமே.

எப்பயிர் விளைந்தால்தான் என்ன என்று நேயர்கள் கேட்கலாம். டயாட்டம் கனத்த ஓடுடையது. அது மடிந்து ஆழத்தில் அமிழும்போது, காற்றிலிருந்து கடல் ஏற்ற கரியமில வாயுவின் ஒரு பகுதியும் அதனோடு அமிழ்கிறது. அன்றியும், தென்கடலில் இறால் போன்ற கிரில் என்னும் பிராணிக்கு டயாட்டம் உகந்த உணவு. பெங்குவினும் திமிங்கிலமும் கிரிலை நம்பி வாழ்கின்றன. அண்டார்க்டிக் தீபகற்பத்தின் கரையோரத்தில் பனியாறுகள் உருகி நீரின் உப்புக் குறையும் இடங்களில், டயாட்டத்துக்குப் பதிலாகக் கிரிப்டோபைட் என்னும் மிகச் சிறிய தாவரங்கள் மிகுவதைக் கண்டுள்ளனர். கிரிலின் சல்லடைக் கால்களில் அவை எளிதில் அகப்படுவதில்லை. சால்ப் என்னும் கூழுடல் பிராணியோ அவற்றை வடித்து உண்ணும். ஆனால் கிரிலைப்போல் அது பிறருக்கு நல்ல இரையாவதில்லை.

ஆர்க்டிக்கில் பனி குறைந்து, ஒளி படும் நீர்ப்பரப்பு விரிந்துவருகிறது. 1998 முதல் 2018 வரையிலான காலத்தில் அங்குப் பிளாங்டனின் ஆண்டு விளைச்சல் 57 சதவீதம் உயர்ந்ததாகச் செயற்கைக்கோள் அளவீடுகள் காட்டின. இது நற்செய்திபோல் தோன்றும். ஆனால் உருகுநீர் மூடி தடித்து உரம் அடைபடும் இடங்களில், பெரும்பயிர் போய்ச் சிறுபயிர் வரக்கூடும். குதிர் நிறைந்ததா என்று பார்ப்பதோடு அறுவடை முடிவதில்லை. உள்ளே இருப்பது நெல்லா, பதரா என்றும் பார்க்கவேண்டும். துருவக் கடல்களை ஆராய்வோர் இன்று விளைச்சலின் அளவோடு அதன் வகையையும் கணக்கெடுப்பது இதனாலேயே.